பேலன்ஸ்டு மைக்கைக் கணினியில் இணைக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மேடைகளில் பயன்படும் எக்ஸ்எல்ஆர் மைக்கிலும் மூன்று தொடர்புகள். கணினியில் செருகும் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக்கிலும் மூன்று தொடர்புகள். பெரும்பாலான குழப்பங்கள் இந்த ஒற்றுமையில்தான் தொடங்குகின்றன, ஏனென்றால் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் அந்த மூன்றும் செய்யும் வேலை ஒன்றல்ல. எக்ஸ்எல்ஆரில் 1ஆம் பின் ஷீல்டு (கவசக் கம்பி), 2ஆம் பின் சிக்னல், 3ஆம் பின் அதே சிக்னலின் தலைகீழ் வடிவம். இப்படி ஒரே சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் அனுப்புவதைத்தான் பேலன்ஸ்டு என்கிறோம். கணினியின் லைன்-இன் ஜாக்கில், அதாவது மற்ற ஒலிச் சாதனங்களின் வெளியீட்டை வாங்கும் ஜாக்கில், பிளக்கின் முனை இடது சேனல், நடு வளையம் வலது சேனல், அடிப்பகுதி கிரவுண்டு. மைக் ஜாக்கிலோ முனையில் சிக்னலும், வளையத்தில் சிறிய எலக்ட்ரெட் மைக்குகளுக்கான டிசி மின்னழுத்தமும் இருக்கும். சில கணினிகளில் இவை இரண்டும் ஒன்றாகவே இணைந்திருக்கும். மடிக்கணினியிலும் கைபேசியிலும் உள்ள ஒற்றை ஜாக்கில் நான்கு தொடர்புகள் இருப்பதால் அது தனிக் கதை.

ஆகவே கேபிள் நன்றாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்ட கேபிள் என்று கேட்க வேண்டும். என்னிடம் கோளாறு என்று வந்த கேபிள்களில் அறுந்தவை குறைவு. வேறொரு வேலைக்காகச் சரியாகச் செய்யப்பட்டு, தவறான இடத்தில் செருகப்பட்டவையே மிகுதி.

தொடங்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

ஒரு சாதாரண மல்டிமீட்டரும், வேலை செய்வது உறுதியாகத் தெரிந்த மலிவான காலர் மைக் ஒன்றும் போதும். முதலில் காலர் மைக்கைச் செருகிப் பேசிப் பாருங்கள். அதுவும் பதிவாகவில்லை என்றால் பிழை உங்கள் எக்ஸ்எல்ஆர் மைக்கில் இல்லை. விண்டோஸின் தனியுரிமை அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதி அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது பதிவு மென்பொருள் மடிக்கணினியின் உள் மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்து, கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு 3.5 மி.மீ. பிளக்கை ஜாக்கில் செருகி, பதிவு மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, அடிப்பகுதிக்கும் முனைக்கும் இடையிலும், அடிப்பகுதிக்கும் வளையத்துக்கும் இடையிலும் டிசி வோல்ட்டை அளவிடுங்கள். இரண்டு முதல் ஐந்து வோல்ட் வரை தெரிந்தால் அது மைக் ஜாக். எங்குமே வோல்ட் இல்லையென்றால் அநேகமாக லைன்-இன். மேசைக் கணினிகளில் இளஞ்சிவப்பு மைக்குக்கும், வெளிர் நீலம் லைன்-இன்னுக்கும், பச்சை ஒலிபெருக்கிக்கும் உரியவை என்பது வழக்கம். என்றாலும் மீட்டர் சொல்வதே இறுதி.

பிறகு, டைனமிக் மைக்கின் (டயஃப்ரத்தோடு அசையும் கம்பிச் சுருளால் சிக்னல் தரும் வகை) 2ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள். சில பத்து ஓம்களிலிருந்து சில நூறு ஓம்கள் வரை காட்ட வேண்டும். 1ஆம் பின்னிலிருந்து மற்ற இரண்டுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. மைக்கில் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டு அளவிடுங்கள், ஏனென்றால் பல மைக்குகளில் அணைத்த நிலையில் 2ஐயும் 3ஐயும் சுவிட்சே ஷார்ட் செய்துவிடும். ரிப்பன் மைக்கில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். மீட்டர் அனுப்பும் மின்னோட்டமே அந்த மெல்லிய உலோக நாடாவைக் கெடுக்கக்கூடும்.

அறிகுறி: ஹெட்ஃபோனில் கேட்கிறது, கைபேசியில் கேட்கவில்லை

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஆளை ஏமாற்றும் கோளாறு. பதிவு செய்யும்போது மென்பொருளின் ஒலி அளவு காட்டி இரண்டு சேனலிலும் அசைகிறது, ஹெட்ஃபோனில் குரலும் கேட்கிறது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி தலைக்குள் பரவிக் கிடக்கிறது. அந்தக் கோப்பை ஒரே ஒலிபெருக்கி உள்ள கைபேசியில் போட்டால் குரல் காணாமல் போய், மெல்லிய இரைச்சல் மட்டும் எஞ்சுகிறது.

உறவினர் ஒருவர், தம் பாட்டி சொன்ன தாலாட்டுகளை முக்கால் மணி நேரம் பதிவு செய்து எடுத்துவந்திருந்தார். தம் கைபேசியில் ஒன்றுமே கேட்கவில்லை என்பதால் கோப்பு அழிந்துவிட்டது என்றே முடிவு செய்திருந்தார். திரையில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது விஷயம் கண்ணுக்கே தெரிந்தது: மேல் சேனலில் அலை ஏறும் இடத்திலெல்லாம் கீழ்ச் சேனலில் அதே அளவுக்கு இறங்கியிருந்தது. 2ஆம் பின் முனைக்கும், 3ஆம் பின் வளையத்துக்கும் போகும் பேலன்ஸ்டு கேபிளை ஸ்டீரியோ மைக் ஜாக்கில் செருகியிருக்கிறார்; இடது சேனலில் குரலும் வலது சேனலில் அதன் தலைகீழும் பதிவாகிவிட்டன. கைபேசி இரண்டையும் கூட்டியதும் விடை பூஜ்யம்.

பதிவு ஏற்கெனவே முடிந்துவிட்டதென்றால் அதை அழிக்க வேண்டாம். ஆடாசிட்டி என்னும் ஒலித் திருத்த மென்பொருளில் ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோ டிராக்குகளாகப் பிரித்து, ஒன்றை நீக்கிவிட்டாலே குரல் திரும்பிவிடும். இதைவிட நல்ல வழி, ஒரு டிராக்கை மட்டும் தலைகீழாக்கிவிட்டு இரண்டையும் ஒன்றாகக் கலப்பது. பேலன்ஸ்டு உள்ளீடு உள்ள ஒரு மிக்ஸர் செய்யும் கழித்தலைத்தான் நாம் மென்பொருளில் செய்கிறோம்: இரண்டு கம்பிகளிலும் எதிரெதிராக வந்த குரல் கூடுகிறது, இரண்டிலும் ஒரே மாதிரி வந்து ஒட்டிக்கொண்ட மின்சார ரீங்காரம் பெருமளவு கழிந்துபோகிறது. அந்தத் தாலாட்டுப் பதிவு, சரியான கேபிளில் எடுத்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிடச் சுத்தமாகவே வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்த வைத்தியம் உண்மையான ஸ்டீரியோ உள்ளீட்டில் மட்டுமே செல்லும்.

அறிகுறி: ஒலியே இல்லை

அதே பேலன்ஸ்டு கேபிளை, முனையும் வளையமும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும் மோனோ மைக் ஜாக்கில் செருகினால் மைக்கின் சுருளே ஷார்ட் ஆகிவிடும். குரல் பதிவாகவே ஆகாது. கேபிள், மைக், கணினி மூன்றும் நல்ல நிலையில் இருந்தும் ஒலி வராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

தீர்வு கேபிளை மாற்றிப் பற்றவைப்பது. 2ஆம் பின் முனைக்கு வர வேண்டும். 3ஆம் பின்னும் 1ஆம் பின்னும் சேர்ந்து அடிப்பகுதிக்கு வர வேண்டும். வளையத்தில் எதையும் இணைக்க வேண்டாம். டைனமிக் மைக்கின் சுருள் தரையோடு கட்டப்படாமல் மிதப்பதால், ஒரு முனையைக் கிரவுண்டு செய்வதால் சிக்னல் அளவில் இழப்பு எதுவும் வராது. இழப்பது இரைச்சலைக் கழிக்கும் திறனை மட்டுமே. பின் எண்கள் எக்ஸ்எல்ஆர் பிளக்கின் உள்ளேயே சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். முன்பக்கம் பார்க்கும் வரிசை பற்றவைக்கும் பக்கத்தில் இடம் மாறித் தெரியும் என்பதால், படத்தை நம்பாமல் எண்ணை நம்புங்கள்.

மைக் கண்டென்சர் வகை என்றால் காரணம் வேறு. அதற்கு 48 வோல்ட் பாண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம், வேண்டும். அது 2, 3 ஆகிய இரண்டு பின்கள் வழியாகவும் 6.8 கிலோ ஓம் மின்தடைகளூடே ஒரே அளவில் சென்று 1ஆம் பின் வழியாகத் திரும்புவது. கணினி ஜாக்கில் உள்ள இரண்டு மூன்று வோல்ட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குறைந்த விலையில் கிட்டாக விற்கப்படும் சில கண்டென்சர் மைக்குகள் எக்ஸ்எல்ஆர் தலையோடு வந்தாலும், உடன் வரும் கேபிள் வழியாகக் கணினியின் சிறு மின்னழுத்தத்திலேயே ஓடும்படி செய்யப்பட்டிருக்கும். ஐந்து வோல்ட்டை ஒட்டித் தரும் மேசைக் கணினியில் பேசிய அதே மைக் மடிக்கணினியில் ஊமையாவதற்கு இதுவே காரணம். உண்மையான 48 வோல்ட் மைக்குக்கு எந்தக் கேபிள் வித்தையும் உதவாது. பாண்டம் பவர் தரும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றே வழி.

அறிகுறி: குரல் மிகமிக மெலிதாக இருக்கிறது

ஷூர் எஸ்எம்58 போன்ற ஒரு டைனமிக் மைக், 94 டெசிபெல் ஒலியழுத்தத்துக்கு 1.85 மில்லி வோல்ட் மட்டுமே தரும். வாய்க்கு அருகில் வைத்துப் பேசினாலும் சில மில்லி வோல்ட்தான். லைன்-இன் ஜாக் எதிர்பார்ப்பது ஒரு வோல்ட்டை ஒட்டிய அளவு. இடையிலுள்ள பள்ளம் ஏறத்தாழ 500 மடங்கு, அதாவது 54 டெசிபெல். எனவே மைக் லைன்-இன்னில் செருகப்பட்டிருந்தால் ஒலி இல்லாதது போலத்தான் தோன்றும். மைக் ஜாக்குக்கு மாற்றி, விண்டோஸின் ஒலி அமைப்பில் பதிவுச் சாதனத்தின் பண்புகளுக்குள் மைக்ரோஃபோன் பூஸ்ட் என்பதைப் படிப்படியாக 10, 20, 30 டெசிபெல் என்று ஏற்றிப் பாருங்கள். அத்தனை ஏற்றினால் காற்று வீசுவது போன்ற இரைச்சலும் கூடவே ஏறும். அது உங்கள் பிழையன்று. கணினிப் பலகையிலுள்ள பெருக்கியின் இயல்பு அது. மைக்கை நான்கு விரல் தொலைவுக்குக் கொண்டுவருவது எந்த அமைப்பையும்விட அதிகம் உதவும்.

இந்த இடத்தில் கடைக்காரர்கள் இரண்டு பொருள்களைப் பரிந்துரைப்பார்கள். ஒன்று, எக்ஸ்எல்ஆரை ஒரு பக்கமும் பெரிய மோனோ பிளக்கை மறுபக்கமும் கொண்ட இம்பிடன்ஸ் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர். பத்து மடங்கு மின்னழுத்தம் ஏறும் என்பது கணக்கில் உண்மை. ஆனால் அது பல்லாயிரம் ஓம் உள்ளீடு கொண்ட பழைய ஆம்ப்ளிஃபயருக்காகச் செய்யப்பட்டது. கணினியின் மைக் உள்ளீடு சில ஆயிரம் ஓம் மட்டுமே என்பதால், அது 2000 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் மைக்கின் பக்கம் அது 20 ஓம் சுமையாகத் தெரியும். ஏறியதில் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிடும். மற்றொன்று, கிளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் போன்ற இடைப் பெருக்கிகள். அவை நல்ல பொருள்கள்தாம், ஆனால் இயங்குவதற்கு 48 வோல்ட் பாண்டம் பவரைக் கேட்பவை. அது இல்லாத கணினி ஜாக்கில் அவற்றால் பயனில்லை.

அறிகுறி: குரல் மங்கி, நெரிந்து ஒலிக்கிறது, செருகும்போது ‘டொம்’ என்ற சத்தம்

மைக் ஜாக்கின் டிசி மின்னழுத்தம் உங்கள் மைக்கின் சுருள் வழியே ஓடுகிறது என்பதற்கான அடையாளம் இது. முனையில் 2.5 வோல்ட் இருந்து, அது 2.2 கிலோ ஓம் மின்தடை வழியாக வருகிறது என்றால், ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர் சுருளிலோ மைக்குக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலோ நிற்காமல் பாய்ந்துகொண்டிருக்கும். மைக் உடனே எரிந்துபோகாது. ஆனால் டயஃப்ரம் தன் நடுநிலையிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும், அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கரு காந்தத்தால் பாதி நிறைந்த நிலையில் வேலை செய்யும்.

மீட்டர் வளையத்தில் மட்டும் வோல்ட்டைக் காட்டி முனையில் காட்டவில்லை என்றால், வளையத்தை இணைக்காமல் விட்டாலே பிரச்சினை தீர்ந்தது. முனையிலும் வோல்ட் இருந்தால், 2ஆம் பின்னிலிருந்து முனைக்கு வரும் கம்பியில் 10 முதல் 47 மைக்ரோ ஃபாரட் வரையிலான, 16 வோல்ட் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராக வைக்க வேண்டும். அதன் நேர்முனை கணினிப் பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் மின்னழுத்தம் வருவது அங்கிருந்துதான். சிறிய அளவிலான கெப்பாசிட்டர் என்றால் எக்ஸ்எல்ஆர் பிளக்கின் உறைக்குள்ளேயே அடங்கிவிடும். கால்களுக்கு ஸ்லீவ் போட மறக்காதீர்கள்.

இதிலும் ஒரு துணைக் கோளாறு உண்டு. கையில் கிடைத்தது என்று 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைப் போட்டுவிட்டால் டிசி நிற்கும். ஆனால் ஏறத்தாழ 660 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள குரலும் படிப்படியாக அதனோடு நின்றுவிடும். பேசுபவர் தகர டப்பாவுக்குள் இருப்பது போலக் கேட்டால் கெப்பாசிட்டரின் மதிப்பைப் பாருங்கள். 10 மைக்ரோ ஃபாரட் போட்டால் இந்த எல்லை 7 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கி, குரலுக்கு வெளியே போய்விடும்.

அறிகுறி: ‘உம்ம்’ என்ற ரீங்காரம்

ரீங்காரத்தில் பல வகை உண்டு. எதைத் தொட்டால் மாறுகிறது என்பதை வைத்துப் பிரிக்கலாம்.

குரல் மிக மெலிந்து, ரீங்காரம் மட்டும் ஓங்கி இருந்தால் 3ஆம் பின் எங்கும் இணைக்கப்படாமல் தொங்குகிறது. சுற்று முழுமை பெறாததால், கசிந்து வருவதை மட்டுமே கேட்கிறீர்கள். குரல் நன்றாக இருந்து, மைக்கின் உலோக உடலைக் கையால் பிடித்ததும் ரீங்காரம் ஏறினால் 1ஆம் பின் அடிப்பகுதிக்கு வந்து சேரவில்லை; மைக்கின் உடல் கவசமாக இல்லாமல் ஆன்டெனாவாக வேலை செய்கிறது.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் ஓசை நின்றால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். இரண்டு பின் சார்ஜர்களிலும், எர்த் கம்பி உண்மையில் இணைக்கப்படாத மூன்று பின் பிளக் பாயின்டுகளிலும், சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர் வழியாகச் சிறு மின்னோட்டம் கணினியின் உடலுக்குக் கசியும். உலோக மூடியில் விரலைத் தேய்த்தால் மெல்லிய அதிர்வாக உணர்கிறோமே, அதுதான் இது. பேட்டரியில் பதிவு செய்வது உடனடி வைத்தியம். வீட்டு எர்த்தைச் சரிபார்ப்பது முறையான வைத்தியம். எந்த நிலையிலும், ரீங்காரத்தை நிறுத்துவதற்காக எர்த் பின்னை வெட்டிவிடாதீர்கள்.

இவை எதுவும் இல்லாமல் ரீங்காரம் சற்று இருந்துகொண்டே இருந்தால் கேபிளின் நீளமே காரணமாக இருக்கலாம். 3ஆம் பின்னைக் கிரவுண்டு செய்து அன்பேலன்ஸ்டாக மாற்றிய கேபிள் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருப்பது நல்லது. பத்து மீட்டர் தேவையென்றால், அந்தப் பத்து மீட்டரைச் சாதாரண எக்ஸ்எல்ஆர் கேபிளிலேயே கொண்டுவந்து, கணினிக்கு அருகில் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வையுங்கள். 2, 3 பின்கள் ஒரு சுருளுக்கும், மறுசுருளின் இரு முனைகள் பிளக்கின் முனைக்கும் அடிப்பகுதிக்கும் போகும். ஷீல்டை அடிப்பகுதியோடு சேர்த்துவிடுங்கள். இழந்த பேலன்ஸ்டு தன்மையை டிரான்ஸ்ஃபார்மர் திரும்பத் தரும். ஆனால் டிசியைத் தடுக்கும் கெப்பாசிட்டர் அப்போதும் கணினிப் பக்கம் தேவை.

அறிகுறி: மைக்கைச் செருகியதும் பாட்டு ஓடுகிறது, அல்லது சாதனம் மைக்கைக் கண்டுகொள்ளவில்லை

இது நான்கு தொடர்பு ஜாக் உள்ள கைபேசியிலும் மடிக்கணினியிலும் வருவது. இன்று பரவலாக உள்ள அமைப்பில் முனை இடது, முதல் வளையம் வலது, இரண்டாம் வளையம் கிரவுண்டு, அடிப்பகுதி மைக். மூன்று தொடர்பு பிளக்கைச் செருகினால் அடிப்பகுதியும் இரண்டாம் வளையமும் ஒட்டிக்கொள்ளும்; சாதனம் அதை வெறும் ஹெட்ஃபோன் என்று எடுத்துக்கொள்ளும். நான்கு தொடர்பு பிளக்காக மாற்றிய பிறகும் சிக்கல் தீராமல் போகலாம், ஏனென்றால் ஹெட்செட்டிலுள்ள பொத்தான்கள் மைக் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் இடையே சில நூறு ஓம் அளவுக்குள் ஒரு மின்தடையை இணைத்துத்தான் தம்மைத் தெரிவிக்கின்றன. ஆண்ட்ராய்டின் வரையறைப்படி மைக் 1000 ஓம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். குறைந்த மின்தடை கொண்ட டைனமிக் மைக்கை யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பதாகக் கைபேசி புரிந்துகொள்கிறது. கெப்பாசிட்டரைத் தொடரில் வைத்து, மைக் தொடர்புக்கும் கிரவுண்டுக்கும் இடையே, கெப்பாசிட்டருக்குக் கணினிப் பக்கமாக 2.2 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் போட்டால் சாதனம் அதை மைக்காக ஏற்கும்.

அறிகுறி: மிக்ஸரிலிருந்து வரும் ஒலி வெடிக்கிறது

மைக்கை மிக்ஸரில் செருகி, மிக்ஸரின் பிரதான எக்ஸ்எல்ஆர் வெளியீட்டை மேலே சொன்ன கேபிளால் மைக் ஜாக்கில் இணைத்தால், மில்லி வோல்ட்டுக்காகச் செய்யப்பட்ட வாயில் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஊற்றுகிறீர்கள். மிக்ஸரின் டேப்-அவுட் ஆர்சிஏ இணைப்பிலிருந்து லைன்-இன்னுக்குப் போங்கள். அது ஏற்கெனவே அன்பேலன்ஸ்டு என்பதால் 3ஆம் பின்னைக் கிரவுண்டு செய்யலாமா என்ற கேள்வியும் எழாது. சில மிக்ஸர்களின் வெளியீட்டு ஐசிக்கு அவ்வாறு கிரவுண்டு செய்வது ஒத்துக்கொள்ளாது.

அறிகுறி: கேபிளை அசைத்தால் கரகரப்பு

பற்றவைப்பில் குறை. ஈயம் மங்கலாக, உருண்டையாக நின்றால் அது பிடிக்கவில்லை; பின்னைச் சூடாக்கி ஈயத்தை அதன்மேல் ஓடவிடுங்கள், சால்டரிங் முனையில் ஈயத்தை ஏந்திக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். முடிந்ததும் முனைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே ஷார்ட் இல்லை என்பதை மீட்டரில் உறுதி செய்யுங்கள். 3.5 மி.மீ. பிளக்கில் ஷீல்டின் ஒரு மயிரிழைக் கம்பி முனையைத் தொட்டுவிடுவது அடிக்கடி நடப்பது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் பிளக்குகளில், கேபிளைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் உலோகத்தால் ஆனதைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று: பிளக்கின் மேலுறையைக் கேபிளில் கோத்துக்கொண்ட பிறகே முதல் கம்பியைப் பற்றவையுங்கள். மூன்று கம்பிகளையும் அழகாகப் பற்றவைத்து முடித்து நிமிர்ந்து, மேலுறை மேசையில் தனியாகக் கிடப்பதைப் பார்த்து எல்லாவற்றையும் பிரித்த நாள்கள் எனக்கும் உண்டு.